கட்டிக்குக் கேட்டுவிடும்

பிச்சையாவுக்குக் கட்டி வந்த இடம் வலது காதுக்குக் கீழே. நிணநீர்ப் புற்று என்றார்கள். தாராவியில் தோல் பெல்ட் தைக்கும் சின்னப் பட்டறை அவருடையது. முதல் மூன்று ஊசியில், எலுமிச்சை அளவு இருந்த கட்டி கொண்டைக்கடலை அளவுக்கு வற்றியது. தெருவுக்கே லட்டு கொடுத்தார். ஐந்தாவது ஊசி முடிந்த வாரம் சவரம் செய்யும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. எலுமிச்சை திரும்பி வந்திருந்தது.

"இந்த மருந்துக்கு செல் எல்லாம் பழகிடுச்சு, இனி கேக்காது. வேற மாத்தலாம்," என்றார் டாக்டர் சஃப்ரீன். செம்பூர்க்காரர், தமிழ் பேசுவார்.

'பழகிடுச்சு' என்ற சொல் பிச்சையாவைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி பூமாரி, அது எப்படிப் பழகுச்சுன்னு தெரியுமா? நாமதான் சொல்லிக் குடுத்திருக்கோம். மருந்துப் பேரு, என்னைக்கு ஏத்துதாங்க, எல்லாத்தையும் ஊருக்கெல்லாம் போன்ல சொன்னேன்லா? கேட்டுக்கிட்டே இருந்திருக்கு."

"கட்டிக்கு எப்படிங்க காது கேக்கும்?"

"என் காத வச்சுத்தான். பக்கத்துலதான இருக்கு."

புது மருந்தின் பேரை இனி யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று உத்தரவாயிற்று. இந்தியில் சொல்லலாமா என்று பூமாரி கேட்டாள். "ஏட்டி, அது தாராவியில பொறந்த கட்டி. நம்மளவிட நல்லா இந்தி பேசும்," என்றார். கடைசியில் மருந்துக்குப் 'பாண்டுப் மாமா' என்று பேர் வைத்தார்கள். பாண்டுப்பில் அவர்களுக்கு மாமா யாரும் கிடையாது. கட்டி குழம்பட்டும் என்றுதான்.

புது மருந்து ஏற்றும் நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் நோயாளியிடமே ஒருமுறை கேட்டுச் சரிபார்ப்பது வழக்கம். நர்ஸ் இந்தியில் கேட்டாள்: "இன்னைக்கு என்ன மருந்து, தெரியுமா?"

பிச்சையா வலது காதைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பாண்டுப் மாமா."

நர்ஸ் மருந்துப் பையை மறுபடியும் படித்துப் பார்த்தாள். "இன்னைக்கு என்ன தேதி?"

"சொல்ல முடியாது."

"இவங்க யாரு?" என்று பூமாரியைக் காட்டினாள்.

"அவளுக்கு எல்லாம் தெரியும். அவள்ட்டயே கேளுங்க."

நர்ஸ் ஊசியை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். நோயாளிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று சீட்டில் எழுதியாயிற்று. சஃப்ரீன் வந்து கண்ணில் டார்ச் அடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். பிச்சையா எல்லாவற்றையும் பேசாமல் செய்தார். பூமாரியால் பொறுக்க முடியவில்லை. முழுக் கதையையும் சொல்லிவிட்டாள்.

சஃப்ரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "தப்பு என் மேலதான். பழகிடுச்சுன்னு சொன்னேன். அது யார்கிட்டயும் எதையும் கத்துக்கல. கோடிக்கணக்கான செல்லுல சிலது மட்டும் வேற மாதிரி. மருந்து உள்ள வந்தா பம்ப் வச்ச மாதிரி வெளிய தள்ளிடும். மத்ததெல்லாம் செத்துச்சு, இது பொழச்சுப் பெருகிடுச்சு. இப்போ குடுக்குறத அந்தப் பம்ப் அவ்வளவு சுலபமா தள்ளாது."

"பம்பா!" பிச்சையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மழைக்காலத்துல பட்டறையில முழங்கால் தண்ணி நிக்கும். ஒரு பம்ப் கெடைக்காது. இதுக்கு மட்டும் எங்கெருந்து கெடைச்சுது?"

பூமாரி சிரிக்கவில்லை. "டாக்டரம்மா, ரெண்டாவது ஊசிக்கு நாலு நாள் பிந்தி வந்தோம். எனக்குக் காய்ச்சல்னு நாந்தான் நிப்பாட்டுனேன். அதுனாலயா?"

"இல்லம்மா. அந்த நாலு நாளால இது வரல."

பூமாரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிச்சையா அவளையே பார்த்தார்.

"அதுக்காகத்தானா ரெண்டு மாசமா என்னைய ஒரு வார்த்த திட்டல? நீ திட்டாததப் பாத்து, நான் போய்ச் சேரப்போறேன்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

"கட்டிக்குக் காது கேக்குன்னு சொன்ன ஆள என்னன்னு திட்ட?" என்றாள் அழுதுகொண்டே. பக்கத்துப் படுக்கைக்காரர் தமிழர் போலும். போர்வைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

பிச்சையா மருந்தின் பேரையும் தேதியையும் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நர்ஸ் ஊசியை ஏற்றினாள்.

மூன்று ஊசிக்குப் பிறகு ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. முழுக்கப் போகவில்லை, இந்த மருந்தையும் அது ஒருநாள் தாண்டிவிடலாம், அப்போது வேறு பார்ப்போம் என்றார் சஃப்ரீன். பிச்சையா தலையாட்டினார். திரும்பும் வழியில் மாட்டுங்காவில் இறங்கி இரண்டு ரவா தோசை சொன்னார்கள். இத்தனை மாதமாக வாயில் எதை வைத்தாலும் இரும்பு ருசி. அன்று தோசை தோசையாக இருந்தது. தன்னுடையதை முடித்துவிட்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல் பூமாரியின் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.