அஃப்ரகோமா புத்தகக் கடையின் புது முகம்

கடையின் பழைய பச்சைப் பெயர்ப்பலகையைக் கழற்றியது அஃப்ரகோமாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழியில்லை. பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை திருமதி போன்சு, "கடை என்ன, பாட்டன் காலத்துல திறந்தது மாதிரி இருக்கு" என்று உதட்டைச் சுழித்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பள்ளியின் ஆர்டர் கைநழுவினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். முடிவு சனிக்கிழமை. எதிர்த்தெருவில் கண்ணாடிக் கதவு போட்டுப் புத்தகக் கடை வைத்திருந்த அட்டகோராவும் அந்த ஆர்டருக்காகத்தான் காத்திருந்தார்.

ஆகவே, ஆம்ஸ்டர்டாமில் டிசைன் படித்துத் திரும்பிய இளைஞன் ஃபிஃபி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள்.

"சிவப்பு உங்க துடிப்பு, ஆன்ட்டி. கறுப்பு அச்சு மை. நடுவுல உங்க முகம். கீழ கடை தொடங்கின வருஷம், ஒரு கோடு, இந்த வருஷம். அது ஒரு பயணம்!"

"ஏம்ப்பா, கறுப்பும் சிவப்பும் நம்ம ஊர்ல சாவு வீட்டுக்குத்தானே கட்டறோம்?"

"படிச்சவங்களுக்கு வித்தியாசம் தெரியும், ஆன்ட்டி."

படிக்காதவள் என்று பெயரெடுக்க அவளுக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை குமாசி நகரச் சுவர்களிலெல்லாம் சுவரொட்டிகளில் அவள் சிரித்தாள். தலைக்கு மேல், 'ஒரு பெருவாழ்வின் அடுத்த அத்தியாயம்'.

சனிக்கிழமைகளில் பாதி ஊர் கறுப்புத் துணியில் ஏதாவதொரு சாவுக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்தச் சனிக்கிழமை காலை தக்காளி விற்கும் செர்வா, கறுப்பு கட்டிக்கொண்டு கடைக்குள் வந்தவள், அலறிவிட்டாள்.

"அக்கா! நீ இருக்கியா?"

"இல்லாம எங்கடி போவேன்?"

"சுவத்துல ஒட்டியிருக்காங்களே! கீழ இருந்த வருஷத்தைப் பாத்து, செத்தும் வயசைக் குறைச்சுப் போட்டிருக்கான்னு நாங்க சிரிச்சோம். அந்த ஹெட்மிஸ்ட்ரஸ்கூட அழுதுகிட்டே அட்டகோரா கடைக்குப் போகுது. ஆர்டர் இனி அவருக்குத்தானாம்."

கடைக்குள் நின்ற ஃபிஃபி போனைத் தூக்கிக் காட்டினான். "ஆன்ட்டி, ஊரே நம்மளைப் பத்திதான் பேசுது!"

அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு அஃப்ரகோமா எதிர்க்கடைக்கு ஓடினாள். அவளைப் பார்த்த டாக்சிக்காரன் ஒருவன் பிரேக்கை மிதித்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

கண்ணாடிக் கதவுக்குள் அட்டகோரா நெஞ்சில் கைவைத்து நின்றிருந்தார். செத்தவர் பேச்சு வந்தால் ஊர் வழக்கப்படி வாயாரப் புகழ்ந்தே ஆகவேண்டும். குறைத்துப் பேசினால் இறந்தவரின் குடும்பமே சண்டைக்கு வரும். அதனால் அவர் குறை வைக்கவில்லை.

"அவங்க முன்னாடி நான் எம்மாத்திரம், மேடம்? மழைல நனைஞ்ச புத்தகத்தை வெயில்ல காயவெச்சு நானே வித்திருக்கேன். அந்தம்மா ஒருநாளும் வித்ததில்ல."

கண்ணைத் துடைத்தபடி போன்சு ஆர்டரை எழுதப் பேனாவைத் திறந்தார். வாசலில் மூச்சிரைக்க நின்ற அஃப்ரகோமா, கத்த வாயெடுத்தும் கொஞ்சம் பொறுத்தாள். தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக யார் பேசியும் அவள் கேட்டதில்லை. பேனா தாளைத் தொடப் போனது.

"நிறுத்தாத, அட்டகோரா. அந்த நனைஞ்ச புத்தகத்தை இன்னொரு தடவை சொல்லு."

போன்சுவின் கையிலிருந்து பேனா விழுந்து உருண்டது. "நீங்க... சாகலையா?"

"ஆர்டர் வாங்காம எப்படி மேடம் சாவேன்?"

போன்சு மெல்லத் திரும்பினார். "மிஸ்டர் அட்டகோரா, இப்ப சொன்னதெல்லாம் உண்மைதானே?"

"அது செத்தவங்களுக்காகச் சொன்னது, மேடம். உயிரோட இருக்கறவங்களுக்கு அவ்வளவா பொருந்தாது."

"உங்களைப் பத்திச் சொன்னீங்களே, அது?"

அட்டகோரா கண்ணாடிக் கதவைப் பார்த்தார். வெளியே செர்வாவும் இன்னும் நாலு பேரும் மூக்கை ஒட்டிவைத்து நின்றிருந்தார்கள்.

"உங்க பேனாவைக் கொஞ்சம் குடுங்க" என்றார் போன்சு.

அட்டகோரா கொடுத்தார். அவருடைய மேஜையிலேயே, அவருடைய மையிலேயே, அஃப்ரகோமாவின் பெயருக்கு ஆர்டர் எழுதப்பட்டது.