இரண்டு கையெழுத்தும் ஒரு பெட்டிக் கறையானும்

1

இந்தக் கதையை என் நாத்தனாரின் வாயிலிருந்து பிடுங்கினேன். முனைவர் பட்டத்துக்குக் கறையான்களை ஆராய்கிறவள். சாப்பாட்டு மேசையில் அவள் கொட்டித் தீர்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது.

"எழுதிக்கோங்க அண்ணி. ஆனா என்னை அழ மட்டும் வைக்காதீங்க."

முதல் வரி இப்படி வந்தது: 'ஆய்வகத்தின் மங்கிய ஒளியில் அவள் கண்ணீர்...' (அடித்துவிட்டேன். வாக்கு வாக்குதான்.)

2

அவள் துறையில் புது விதி: ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடமும் நடத்த வேண்டும். நடத்தச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர். ஆராய்ச்சிக்கோ ஏற்கெனவே ஒரு நெறியாளர். இருவரும் கையெழுத்திட்டால்தான் பட்டம்.

"பாடம் நடத்த ஆயிரம் பேர் இருக்காங்கம்மா. நீ உன் கறையான் பெட்டியைப் பாரு" என்பார் நெறியாளர்.

"பெட்டியில இருக்கறதுக்கு என்ன புரியப்போகுது? பசங்க முகத்தைப் பாரும்மா" என்பார் பயிற்சியாளர்.

ஒரு மருமகள், இரண்டு மாமியார். (இருவரும் ஆண்கள். உவமை நொண்டுகிறது, போகட்டும்.)

நெறியாளரை வில்லனாக்கப் பார்த்தேன். நாத்தனார் விடவில்லை. "சேச்சே, நல்லவர் அண்ணி. என் கறையானெல்லாம் செத்தப்ப அவர்தான் சாப்பிடாம இருந்தார்."

3

பயிற்சியாளர் அவள் வகுப்பை மதிப்பிட வருவதாக இருந்த அதே நேரத்தில், வெளியூரிலிருந்து வரும் பேராசிரியைக்கு ஆய்வகத்தில் கறையான்களைக் காட்டச் சொன்னார் நெறியாளர். இருவரிடமும் கெஞ்சினாள். 'அவரை நேரத்தை மாத்திக்கச் சொல்லு' என்றார்கள் இருவரும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கே போய்விட்டாள். 'விருந்தாளியை இங்கயே கூட்டிட்டு வந்துடுங்க சார்' என்று நெறியாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டு போனை அணைத்தாள்.

(இங்கே ஒரு மாணவி கேட்கும் கேள்வியில் ஆராய்ச்சியின் சிக்கல் அவிழ்வதாக எழுதியிருந்தேன். யாரும் அப்படிக் கேட்கவில்லையாம். "இது கடிக்குமா?" என்றுதான் கேட்டார்கள்.)

தாளில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு சுழி போட்டு, அதன் நடுவில் கறையான்களை விட்டாள். கோட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தன. மையின் வாசனையைத் தங்கள் கூட்டம் போட்ட தடமென்று நம்பிவிடுமாம். பயிற்சியாளர் கடைசி வரிசையில் குறிப்பெடுக்க, வகுப்பே எழுந்துவந்து மேசையைச் சூழ்ந்தது. ஆளுக்கொரு கோடு, ஆளுக்கொரு கூச்சல்.

சிவந்த முகத்தோடு நெறியாளர் விருந்தாளியை அழைத்துவந்தார். அந்த அம்மாள் கைப்பையை ஓரமாகப் போட்டுவிட்டு, பக்கத்துப் பையனிடம் பேனா வாங்கித் தன் பெயரை எழுதி, அதன்மேல் கறையான்களை நடக்கவிட்டுக் கைதட்டினார்.

4

கிளம்பும்போது அந்த அம்மாள் கேட்டார்: "இந்தப் பொண்ணை இவ்வளவு அழகா தயார் பண்ணது யாரு?"

"நான்தான்" என்றார்கள் இருவரும், ஒரே குரலில். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

(ஒரு முடிவு: நெறியாளரைக் காட்டினாள். இன்னொன்று: பயிற்சியாளரை. மற்றொன்று: கறையான்களைக் காட்டினாள். இது ரொம்ப அழகு, அதனாலேயே பொய்.)

"நிஜமா என்னதான்டி சொன்னே?"

காதில் சொன்னாள். சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

"அதை மட்டும் எழுதிடாதீங்க அண்ணி. கையெழுத்து ரெண்டும் இன்னும் வரல."

ஆகவே வாசகரே, எழுத மாட்டேன். அவளிடத்தில் நீங்கள் நின்றிருந்தால் யாரைக் காட்டியிருப்பீர்கள்? சொல்லிப் பாருங்கள், மெதுவாக. அந்த இருவருமே கதை படிக்கிறவர்களாம்.