இரும்புக் கதவில் மூன்று தட்டு

லியோனார்டுக்கு ஒரு கல்லறை வேண்டும். யாருடையதானாலும் சரி.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். காசிமேட்டில் அப்பா கல்லறையின் தலைமாட்டில் ஏற்ற வேண்டிய மெழுகுவத்தியை அம்மா சிலுவையம்மாள் அவன் பெட்டியிலேயே வைத்து அனுப்பிவிட்டாள். "எந்த ஊர்ல கீறியோ, அந்த ஊரு கல்லறைல கொளுத்து நைனா. அணையுற வரிக்கும் கூடவே நில்லு."

அந்த ஊர் எகிப்தாகப் போய்விட்டது. அவன் வேலை செய்யும் கப்பல் சஃபாகா துறைமுகத்தில் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டிருந்தது. லியோனார்டும், கூட வேலை பார்க்கும் உச்சிமாகாளியும் லாரி பிடித்து லக்சர் வந்து, பழைய ராஜாக்களைப் புதைத்த மலைப்பள்ளத்தில் நின்றார்கள். விடிந்தால் கப்பல் கிளம்பிவிடும். அதை விட்டால் வேலை போச்சு. ராயபுரத்தில் மனைவி ஐரீனுக்கு நிறைமாதம்.

"மூவாயிரம் வருசத்துப் பொணத்துக்கு மெழுகுவத்தியால? நா உள்ள வரல," என்றான் உச்சிமாகாளி. கல்மண்டபத்து மளிகைக் கடைக்காரர் மகன். பட்டணத்தில் வளர்ந்தும் அப்பாவின் சாத்தான்குளத்துப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை.

"பயந்தாங்கொள்ளி மாமு நீ. இங்கியே குந்து."

"யாருல பயந்தது? வெளிய வந்தா குளிக்கத் தண்ணி இல்லல்லா!"

லியோனார்ட் மட்டும், சுற்றிப் பார்க்க வந்த மற்ற ஆட்களோடு உள்ளே இறங்கினான். சரிவான பாதை போய்க்கொண்டே இருந்தது. சுவரெல்லாம் நாய்முகத்துச் சாமிகள், கூரையெல்லாம் மஞ்சள் நட்சத்திரங்கள். லாந்தர் பிடித்து வந்த காவல்காரக் கிழவர் கரிபிடித்த கூரையைக் காட்டி, நெருப்பு கூடாது என்று விரலை ஆட்டினார். அதனாலேயே, எல்லோரும் திரும்பும்போது லியோனார்ட் கல் சவப்பெட்டியின் பின்னால் பதுங்கிக்கொண்டான்.

வத்தியை ஏற்றினான். அப்பா பேரைச் சொல்லி செபித்தான். சுடர் ஆட ஆட நாய்முகங்களும் ஆடின. ஒரு முகம் தன்னைப் பார்த்துத் திரும்பியது போலிருந்தது. ஆனாலும் அம்மா சொன்னபடி, அணையும்வரை நின்றான்.

அணைந்தது. கையே தெரியாத இருட்டு. சுவரைத் தடவித் தடவி மேலே ஏறினான். வாசலில் இரும்புத் தகட்டுக் கதவு. பூட்டியிருந்தது. கத்தினான், யாரும் வரவில்லை. அந்தப் பக்கம், அவர்கள் திரும்ப வேண்டிய லாரியின் ஹாரன் கேட்டது.

கைதான் முதலில் வேலையை நினைத்துக்கொண்டது. கப்பலின் அடித்தொட்டியில் துரு சுரண்ட ஒருவன் இறங்கினால், இன்னொருவன் மேலே நிற்பான். உள்ளே இருப்பவன் மூன்று தட்டுவான்: நான் இருக்கேன். மேலே இருப்பவன் இரண்டு தட்டுவான்: நானும் போகல.

ஒரு கல்லைப் பொறுக்கி, கதவில் மூன்று தட்டினான்.

டங். டங். டங்.

பதில் வந்தது. வெளியிலிருந்து அல்ல. முதுகுக்குப் பின்னால், கீழே, சவப்பெட்டி இருந்த பக்கத்திலிருந்து.

டங். டங். டங்.

எதிரொலி, எதிரொலி என்று வாய் சொன்னது. உடம்பு கேட்கவில்லை. நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

அப்போது வெளியே இரண்டு தட்டு. பூட்டு திறந்தது. காவல்காரர் திட்டத் திட்ட, உச்சிமாகாளி அவனைக் காலரைப் பிடித்து இழுத்து லாரியில் போட்டான். வண்டி நகர்ந்தது.

"ஏல, எதுக்கு ரெண்டு தடவ மூணு மூணா தட்டுன?" என்று சிரித்தான் உச்சிமாகாளி.

"நான் ஒரு தபாதான் தட்னேன்."

அவன் சிரிப்பு நின்றது. "நானும் ஒருத்தனுக்குத்தானல பதிலு தட்டுனேன். மத்தவனுக்கு யாருல தட்டுனது?"

"டிரைவர வேகமா ஓட்டச் சொல்லு மாமு."

கப்பலைப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த நவம்பர் இரண்டு. காசிமேட்டில் அப்பாவுக்கு வத்தி ஏற்றிவிட்டு வெளியே வந்தபோது, லியோனார்ட் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கேட்டில் இரண்டு தட்டினான்.

"இன்னாய்யா, யாருக்கு?" இடுப்பில் குழந்தையோடு ஐரீன் கேட்டாள்.

"வா, வா. இருட்டிகினு வருது," என்று அவள் கையைப் பிடித்து நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.