பின்சுவர் நாற்காலிகள்

அந்த ஊரில் ஒரு வீட்டில் சாவு என்றால், அழுகைச் சத்தம் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேருமுன் நாற்காலி வண்டி வாசலில் வந்து நின்றுவிடும். யாரும் சொல்லி அனுப்ப வேண்டாம். வாடகை நாற்காலிக் கடைக்காரர் தாமே இறக்கி, தாமே விரித்துப் போட்டுவிட்டு ஓரமாக நிற்பார். வியாபாரிகள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவரை எதிர்த்து நின்றவர்கூடக் கடைசியில் அவருக்கே ஓட்டுப் போட்டதாகக் கேள்வி.

வீட்டில் மனைவிக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தபடியே வழக்குத் தீர்ப்பார். சண்டைக்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார வைப்பார்.

"மூஞ்சியப் பாத்தாத்தானே கோவம் வருது? சுவத்தப் பாத்துத் திட்டுங்கய்யா."

பாதித் திட்டிலேயே இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

கடையின் பின்சுவரோரம் கொஞ்சம் நாற்காலிகளைக் கயிறு கட்டித் தனியே வைத்திருந்தார். எத்தனை பெரிய கல்யாணம் வந்தாலும் அதில் கைவைக்க விடமாட்டார்.

"சும்மாதானே கெடக்குதுப்பா?" என்பான் மகன்.

"சாவு என்னடா சொல்லிட்டா வருது? கெடக்கட்டும்."

அவரும் சொல்லாமல்தான் போனார். அன்றைக்கு அந்த நாற்காலிகள் அவர் வாசலிலேயே கிடந்தன.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூட மைதானத்தில் இரங்கல் கூட்டம். அதே நாளில் மகனுக்கு ஒரு கல்யாண ஆர்டர். தனியாக நின்று பிடித்த முதல் ஆர்டர். அப்பா பேரைக் காப்பாற்ற வேண்டுமென்ற துடிப்பு. பின்சுவர்க் கயிற்றையும் அவிழ்த்து எல்லாவற்றையும் அனுப்பிவிட்டான் பாவிப்பிள்ளை. கூட்டத்துக்குச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று அவன் இருந்துவிட்டான். நாற்காலிக்காரர் வீட்டில் போய் நாற்காலி கேட்பதா என்று சங்கம் இருந்துவிட்டது.

சாயங்காலம் ஊரே திரண்டது. மேசை, அவர் படம், மைக். மற்றபடி வெறும் மண்தரை.

சலூன்காரர் மெல்ல வந்தார். "தம்பி, வண்டி வருதா?"

"வந்துட்டே இருக்குண்ணே."

பொய் வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

நின்றபடியே கூட்டம் தொடங்கியது. மைக்கைப் பிடித்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "எங்கம்மா போனப்போ சொந்தக்காரனுக்கு முன்னாடி நாற்காலி வந்துச்சுங்க." ஒவ்வொரு முறையும் எல்லார் கண்ணும் வாசல் பக்கம் போய்த் திரும்பியது. முழங்கால் போன வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

அம்மா கிசுகிசுத்தாள். "பின்சுவத்து நாற்காலி எங்கடா?"

"கல்யாணத்துக்கு..."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் மைக் முன்னால் போனான்.

"வண்டி வராதுங்க. பொய் சொன்னேன். அப்பா யாருக்கும் தராம வச்சிருந்ததையும் நான் வாடகைக்கு விட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். ஒருவரும் திட்டவில்லை. சங்கச் செயலாளர் காதோரத்தைச் சொறிந்தார். சலூன்காரர்தான் வாய் திறந்தார்.

"நம்ம கதை மட்டும் என்ன வாழுது? இத்தன வீட்டுக்கு அந்த மனுசன் தூக்கிட்டு வந்தாரு. இன்னிக்கு ஒருத்தனாவது வீட்டுலருந்து ஒரு முக்காலி எடுத்துட்டு வந்தோமா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். செயலாளர் நன்றி சொல்வதாகப் பாதியில் தொடங்கி, பாதியில் விட்டார். கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. மகன் வாசலில் கைகூப்பி நின்றான். அவன் முகத்தைப் பார்க்காமலே ஒவ்வொருவராக நழுவினார்கள்.

திரும்பி வந்தால், மேசை விளிம்பைப் பிடித்தபடி அம்மா. ஆரம்பத்திலிருந்து அதே இடத்தில். செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தாள், பாதம் வீங்கியிருந்தது.

"நீ உக்காரவே இல்லையாம்மா?"

"எதுலடா உக்கார?" என்றாள். கோபமில்லை அந்தக் குரலில். "படத்த எடுத்துக்கோ. வீட்ல போயி உக்காந்துக்கறேன்."

அவன் படத்தை எடுத்து, அப்பாவின் முகத்தைத் தன் சட்டைப் பக்கமாகத் திருப்பி அணைத்துக்கொண்டு நடந்தான்.