குறுக்கே பேசிய குரல்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு குடும்பம். ஒன்று நான். இன்னொன்று, கூடத்துச் சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கும் இசைத்தட்டுகள். எது மூத்தது, எது இளையது என்று என்னிடம் கேட்காதீர்கள். சாப்பாடு ஆறிப்போனால் அவருக்குக் கவலை இல்லை. அந்தச் சுவரில் வெயில் பட்டால் மட்டும் துடித்துப் போவார்.

எல்லாம் ஜாஸ். அதிலும், நாங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னாலோ தொட்டிலில் கிடந்தபோதோ, எங்கோ ஒரு ஸ்டுடியோவில் கோட்டுப் போட்டவர்கள் புகைபிடித்துக்கொண்டே வாசித்தவை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவருக்கு வெறும் இரைச்சல். வாசித்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய தட்டுகள் மட்டும் மறுபடி மறுபடி பிறந்துகொண்டே இருக்கின்றன. சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கம்பெனி பழைய நாடாக்களைத் தூசி தட்டிச் சுத்தம் செய்து, தடித்த அட்டைப்பெட்டியில் ஒரு புத்தகத்தோடு சேர்த்து விற்கும். பாக்ஸ் செட் என்பார்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் அதே பாட்டைத்தான் இவர் புதிதாக வாங்கி வருவார். கேட்டால், "அது வேற, இது வேற. இது ஒரிஜினல் டேப்லேருந்து எடுத்ததும்மா" என்பார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுவதும் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் தேடுகிற மனிதர், வீட்டுக்கு வந்து தட்டில் கீறல் தேடுவார். குறை கண்டுபிடித்தே பழகிப்போன கண். காதும் அப்படித்தான். சுவர் நீளாது என்பதால் ஒரு சட்டம் வைத்திருந்தார்: பாக்ஸ் வந்துவிட்டால் அதே பாட்டின் பழைய பிரதி வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். கிளம்புகிறதெல்லாம் அவருடைய சிநேகிதர் வீட்டுக்குப் போகும். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், கல்யாணம் ஆகாதவர். எந்தத் தட்டு எந்த வருடம், என்ன எண்ணில் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கேட்டலாக்.

அந்தச் சுவரில் எனக்கென்று ஒரே ஒரு பொருள் இருந்தது. ஒரு கேசட்.

முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒரு கப்பல்காரர், பியானோவும் டிரம்ஸும், பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியமும் சேர்ந்து வாசித்த ஒரு பழைய தட்டை இவருக்கு ஒரே ஒரு நாள் இரவல் கொடுத்தார். தட்டிலிருந்து நேராகக் கேசட்டுக்கு ஏற்றுகிற வயர் அப்போது எங்களிடம் இல்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் நாற்காலி போட்டு, அதன்மேல் ரெக்கார்டரை வைத்தார். ஜன்னல் எல்லாம் அடைத்தாயிற்று, ஃபேனை நிறுத்தியாயிற்று, அடுப்பை அணைக்கச் சொல்லி எனக்கும் உத்தரவு. எங்கள் பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. "மூச்சு விடக் கூடாது" என்று அவர் சொன்னதை அப்படியே நம்பி, குட்டி ஸ்டூலில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பாட்டு ரொம்ப மெதுவானது. நடுவில் மற்றவர்கள் எல்லாம் ஓய்ந்துவிட, பாஸ்காரர் மட்டும் தனியாக வாசிப்பார். மேலேயிருந்து படிப்படியாகக் கீழே இறங்குவார். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை இறங்கி முடித்ததும் ஒரு கணம் சத்தமே இல்லை. அந்தக் கணத்தில்தான் பாப்பா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா, முடிஞ்சிருச்சா?"

அதை அடுத்து ஸ்டூல் கிறீச்சிடும். நான் "உஷ்" என்பேன். பாஸ்காரர் மறுபடி ஆரம்பிப்பார். தட்டை அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் மறுபடி பதிவு செய்ய முடியவில்லை. இவர் குதித்த குதி இருக்கிறதே, அப்பப்பா. பிறகு எப்போது அந்தக் கேசட்டைப் போட்டாலும், அந்த இடம் வருவதற்குச் சற்று முன்னாலேயே புளியங்காயைக் கடித்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். பாப்பா அதற்காகவே காத்திருப்பாள். அவருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "அம்மா, இப்போ பாரு, இப்போ பாரு" என்று என் சேலையை இழுப்பாள். அவர் முகம் சுளிக்கும். இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்த குழந்தையை நாங்கள் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

போட்டோ இருக்கிறது. குரல் வேறெங்கும் கிடையாது. கையில் போனை வைத்துக்கொண்டு பிள்ளை தும்முவதைக்கூடப் பிடித்து வைக்கிற காலம் இல்லை அது. ரெக்கார்டர் வீட்டில் இருந்தது, உண்மைதான். ஆனால், "வெத்துக் கேசட்டை வீணாக்காதீங்க" என்று இவர் யாரையும் தொட விடமாட்டார். ஆக, என் மகள் பேசியதில் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு வார்த்தை.

அவர் அவளைப் பற்றிப் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். பேசினால் நொறுங்கிவிடுவார் என்று நானும் விட்டுவிட்டேன். அவர் கடைக்குப் போன பிறகு, எப்போதாவது மத்தியானத்தில், அந்த ஒரு இடத்தை மட்டும் ஓடவிட்டுக் கேட்பேன். ஆசைதீரக் கேட்டதில்லை. ஓட ஓட நாடா தேயும் என்று இவர்தானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்? மாதத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் மனதை அடக்கிக்கொள்வேன். கேட்டு முடித்து, எடுத்த இடத்திலேயே நூல் பிசகாமல் வைத்துவிடுவேன்.

போன மாதம் புது பாக்ஸ் செட் வந்தது. அதே மூன்று பேர், அதே பாட்டுகள். இவர் தலைகால் புரியாமல் ஆடினார். ஒரே பாட்டை ஸ்டுடியோவில் பல தடவை வாசித்துப் பார்ப்பார்களாம். ஒவ்வொரு தடவைக்கும் டேக் என்று பெயர். சரியாக வராத டேக்குகள், நடுவில் நிறுத்தியவை, வாசிக்கும் முன்னால் பேசிக்கொண்டது என்று ஒன்றுவிடாமல் அதில் போட்டிருந்தார்கள். அடுப்படியில் இருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தார்.

"கேளு, கேளு. இப்போ ஒருத்தர் இருமுவார் பாரு."

யாரோ இருமினார்கள். நாற்காலி நகர்ந்தது. யாரோ ஏதோ கேட்க, இன்னொருவர் சிரித்தார்.

"நாம பொறக்கறதுக்கு முன்னாடி இருமின இருமல்! அப்படியே பக்கத்துல நிக்கற மாதிரி இல்ல? செத்துப் போனவங்களை உயிரோட கொண்டுவந்துட்டாங்கம்மா!"

அவர் கண் கலங்கியிருந்தது. ஊர்பேர் தெரியாதவன் இருமினால் கண் கலங்குகிறது இந்த மனிதருக்கு. நான் எழுந்து அடுப்படிக்கே போய்விட்டேன்.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் கேசட்டைத் தேடினேன். அது இருந்த இடத்தில் புதுப் பெட்டி உட்கார்ந்திருந்தது. சட்டம் நினைவுக்கு வந்தது. சுவர் முழுக்கத் துழாவிவிட்டு, நேரே கண்ணாடிக் கடைக்கே போனேன். அவர் ஒரு லென்ஸை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கேசட் எங்கேங்க?"

"எந்தக் கேசட்? ஓ, அதுவா? அதான் பாக்ஸ் வந்துடுச்சே. கேட்டலாக்குக்குக் கொடுத்தனுப்பிட்டேன். உனக்கெதுக்கு அது? நடுவுல டிஸ்டர்பன்ஸ் வேற."

"அந்த டிஸ்டர்பன்ஸ்தாங்க நம்ம பாப்பா."

லென்ஸை மெதுவாகக் கீழே வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே ஏதாவது எடுத்து அடித்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"எனக்கு அப்படித் தோணவே இல்லம்மா," என்றார். "அது பாட்டுல இருக்கற குறைன்னுதான்... இத்தனை வருஷமா அப்படித்தான் காதுல விழுந்துச்சு."

பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. உடனே கேட்டலாக்குக்குப் போன் போட்டார். மறுமுனையில் அவர் உற்சாகமாகக் கத்தியது எனக்கே கேட்டது. "அந்தக் கேசட்டா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். ரெண்டு பேரும் சாயங்காலம் வாங்க. ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன்!"

எனக்கு உயிர் வந்தது. கேசட் பத்திரமாக இருக்கிறது என்றே நம்பினேன்.

கேட்டலாக் வீட்டில் மனிதர் உட்கார இடம் கிடையாது. எல்லாப் பெட்டியிலும் இரண்டு வாங்குவார். கேட்பதற்கு ஒன்று, பிரிக்காமல் வைப்பதற்கு ஒன்று. கட்டிலின்மேல் இருந்த பெட்டிகளை ஒதுக்கி எங்களை உட்கார வைத்தார்.

"பாக்ஸ்ல இருக்கற கடைசிப் பாட்டு வேற டேக், கவனிச்சீங்களா? உங்க கேசட்ல இருக்கறது, முதல்ல அச்சடிச்ச தட்டுல மட்டும் வந்த டேக். அதோட மாஸ்டர் டேப் எப்பவோ போயிடுச்சு. இதை யாராவது தூக்கிக் கொடுப்பாங்களா? தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல பண்ணின ஒரே தப்பு இதுதான்!"

"அந்தக் கேசட்டைக் கொடுங்கண்ணே," என்றேன்.

"அது எதுக்கு இனிமே? கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். நாடா இத்துப்போய் இருந்துச்சு. ஏத்தி முடிச்சு ரீவைண்ட் பண்றப்போ மிஷின்ல சிக்கி நார்நாரா போயிடுச்சு. குப்பைக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிட்டான். ஆனா கவலைப்படாதீங்க, பாட்டைத் தப்பிக்க வச்சுட்டேன்ல? ஒரே இரைச்சல். நடுவுல யாரோ ஒரு கொழந்தை வேற குறுக்கே பேசுது. அதை எடுக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு! முன்னாடி பின்னாடி இருந்து கொஞ்சம் கொஞ்சம் வெட்டி ஒட்டி... இப்போ கேளுங்க, ஒரு பொட்டுக் குறை கிடையாது."

"எடுக்கறதுக்கு முன்னாடி ஏத்தினது இருக்கும்ல?" என்று இவர் கேட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

"அதுமேலேயேதான் சேவ் பண்ணினேன். அந்தக் குப்பையை எதுக்கு வச்சுக்கணும்?"

சொல்லிக்கொண்டே போட்டுவிட்டார். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. எங்கோ ஒரு மூலையில் அவள் தப்பியிருக்க மாட்டாளா என்ற நப்பாசை. பியானோ ஓய்ந்தது. டிரம்ஸ் ஓய்ந்தது. பாஸ்காரர் முதல் தடவை இறங்கினார். இரண்டாவது தடவை இறங்கினார். அவ்வளவு தெளிவாக நான் அதைக் கேட்டதே இல்லை. விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்டது.

மூன்றாவது தடவை அவர் இறங்கத் தொடங்கியபோது, நான் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகம் சுளித்தது. அதே புளியங்காய் முகம். கண்ணை இடுக்கி, உதட்டைக் கோணி, வரப்போகும் குறைக்காகக் காத்திருந்தார்.

குறை வரவில்லை. பாஸ்காரர் தன்பாட்டுக்கு அடுத்ததை வாசிக்க ஆரம்பித்தார். சுளித்த முகம் சுளித்தபடியே நின்றது. பிறகு அது அப்படியே அழுகையாக மாறியது. ஆஸ்பத்திரியில் அழாதவர், காரியம் முடித்துத் திரும்பியபோது அழாதவர், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டு அழுதார். கேட்டலாக் திகைத்துப் போய்ப் பாட்டை நிறுத்தினார்.

"என்னாச்சு? ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?"

"அது என் பொண்ணு," என்றார் இவர்.

"உங்களுக்குப் பொண்ணு இருந்துச்சா?"

இருபது வருடச் சிநேகிதம். எந்தத் தட்டு எந்த எண்ணில் வந்தது என்பதெல்லாம் தெரிந்த மனிதருக்கு இது தெரியாது. கிளம்பும்போது, அந்தப் பாட்டை ஏற்றிய சிடியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று வாசலில் தவித்தார் கேட்டலாக், பாவம். நானே வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "அதை உடைச்சுப் போட்டுடறேன்" என்றார்.

"உடைக்கக் கூடாது. போடுங்க."

"எதுக்குடி? அவதான் அதுல இல்லையே."

"போடுங்கன்னு சொல்றேன்ல."

பரண்மேல் கிடந்த குட்டி ஸ்டூலை எடுத்துத் துடைத்து, அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது இறக்கம் வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. முப்பது வருடப் பழக்கம், முகம் தானாகச் சுளித்தது. என் மகள் பேசப் போகிறாள் என்று இந்த உலகத்தில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற ஒரே பொருள் அந்த முகம்தான். அவள் பார்த்துச் சிரித்த அதே இடத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் போடச் சொன்னேன். கொடுமைதான், தெரிந்தே செய்தேன். அவரும் மறுபேச்சில்லாமல் போட்டார். கடையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு, தண்டனைக்கு உட்காருகிறவர் மாதிரி உட்காருவார்.

நேற்று அந்த இடம் வந்தபோது, சுளிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்ததும் அரைகுறையாக வந்தது. புருவம் லேசாக அசைந்ததோடு சரி. அவருக்கே அது தெரியவில்லை. புதுப் பாட்டு அவர் காதுக்குப் பழக ஆரம்பித்துவிட்டது.

எழுந்து போய் நிறுத்தினேன். சிடியை உறையில் போட்டு என் பீரோவில், அவள் போட்டோவுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

"என்னம்மா, இன்னைக்குப் போதுமா?" என்றார்.

"இனிமே மாசத்துக்கு ஒரு தடவைதான்," என்றேன். "ஓட ஓடத் தேஞ்சுடும்."