மேல் மூலையில் நின்ற மாப்பிள்ளை

நேராக நிற்கிற எதையும் நோபேட்டுக்குப் பிடிக்காது. மட்டக்களப்பு டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தான். கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்கு ஒரு சாய்கோடு ஓடாத படம் செத்த படம் என்று ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகையில் படித்துவிட்டான். அன்று பிடித்தது ஊருக்குச் சனி. அவன் எடுத்த கல்யாணப் படங்களில் குத்துவிளக்கு விழப்போகும். சேர்ச்சில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகள் வரிசையாக வழுக்கிக்கொண்டு போவார்கள். முப்பத்தைந்து வயதாகியும் அவனுக்குப் பெண் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

அப்போது சண்டைக்காலம். வவுணதீவுப் பக்கம் வீட்டுக்கு வீடு குடும்பப் படம் தொங்கவேண்டும் என்று இராணுவ முகாமிலிருந்து கட்டளை. முத்திரை குத்திய படத்தில் உள்ளவர்கள் எல்லாரும் சோதனையின்போது வீட்டில் இருக்கவேண்டும். ஒருவர் குறைந்தால் அவர் இயக்கத்தில் சேரக் காட்டுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். மிச்சப் பேருக்கு அதன்பிறகு தூக்கம் இல்லை.

அங்கே வயல்காரர் அழகரத்தினம் படம் பிடிக்க நோபேட்டைக் கூப்பிட்டார். அவர் வளவில் சாய்ந்த தென்னை ஒன்று நின்றது. அதைக் கண்டதும் நோபேட்டுக்குத் தலைகால் தெரியவில்லை. மரத்தடியில் சின்னதுகளை இருத்தினான். பிறகு தாய், அடுத்து மூத்தவள் அன்னப்பூரணி, அவளுக்குப் பக்கத்தில் முக்காலியில் ஏற்றிய அழகரத்தினம். கோடு அழகாக ஏறிவந்து மேல் மூலைக்குக் கொஞ்சம் முன்னால் அறுந்துபோனது. இன்னொரு தலை இருந்தால் போதும். கெமரா தானாகப் படமெடுக்கும் விசையை முடுக்கிவிட்டு ஓடிப்போய், கவிழ்த்த உரலில் ஏறி நின்று பல்லைக் காட்டினான்.

படம் அபாரம். முத்திரையும் விழுந்தது. தலைகளை எண்ண ஒருவருக்கும் தோன்றவில்லை.

சோதனைக்கு வந்த அதிகாரிக்குத் தோன்றியது. மேல் மூலையைத் தொட்டு, "இவர் எங்க?" என்றார்.

அழகரத்தினம் அப்போதுதான் தலைகளை எண்ணினார். படம் பிடிக்க வந்தவன் தன்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான் என்றால் யார் நம்புவார்கள்?

"என்ட புருசன்," என்றாள் அன்னப்பூரணி. "டவுனுக்கு வேலைக்குப் போயிருக்கார்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். அது அதிகாரிக்கும் தெரியும்.

"நாளைக்கு அவர் இருக்கணும். இல்லாட்டி அப்பா முகாமுக்கு வரணும்."

வந்தால் தன் தலையும் போகலாம் என்பது சேதி கிடைத்ததும் நோபேட்டுக்குப் புரிந்தது. ஆனாலும் விடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டான். அதிகாரி அவனையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"புருசன் ஏன் பொஞ்சாதி பக்கத்தில இல்ல? நடுவில மாமா?"

உயிர் போகிற நேரத்திலும் நோபேட்டுக்குக் கோடுதான் பெரிது. "சேர், கண் கீழ் மூலையில இருந்து ஏறி..." என்று தொடங்கினான். அன்னப்பூரணி அவன் காலை மிதித்தாள்.

"அண்டைக்கு எங்களுக்குள்ள சண்டை, சேர்."

அதிகாரியும் கல்யாணம் கட்டியவர் போலிருக்கிறது, சிரித்துவிட்டார். "வேற படம் எடுங்க. நேரா. ரெண்டு பேரும் கிட்ட. அடுத்த கிழமை பாப்பன்."

அதிகாரி போனபிறகு அழகரத்தினம் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். ஒரு மூலையை நிரப்பப்போய் ஒரு குடும்பத்தையே அழிக்கப் பார்த்தோமே என்று நோபேட் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்ட பிழைதான்," என்றான் அன்னப்பூரணியிடம். "என்னால நீங்க பொய் சொல்லவேண்டி வந்திட்டு. நாளைக்கு உங்களுக்கொரு நல்ல இடம் வந்தா..."

"நல்ல இடம் அண்டைக்கே வந்திட்டு," என்றாள் அவள். "நீங்க உரல்ல ஏறின நேரம் நானும் அங்கால வரட்டா எண்டு கேட்டன். கோடு கெட்டுப்போகும் எண்டு ஏசினீங்க."

  அதுவரை யாரும் நோபேட்டின் பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டதில்லை.

 அழகரத்தினம் புதுப் படத்துக்கென்று முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், உரலுக்கும் அப்பால் கடைசியில் வைத்தார்.

"கல்யாணம் கோயிலிலயோ சேர்ச்சிலயோ எண்டத மறுகா பேசுவம்," என்றார். "முதல்ல அவள்ற பக்கத்தில வந்து நில்லுங்க, மருமகன்."