பொன்னுக்கு வீங்கி

கொக்கி கழலமாட்டேன் என்றது. குணேஸ்வரி நகத்தால் நெம்பிப் பார்த்தாள், ஊசி முனையால் தட்டிப் பார்த்தாள். மகனின் கழுத்து வீக்கத்துக்குள் தங்கச் சங்கிலி புதைந்து கிடந்தது. கொக்கி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

“அறுத்துவிடு,” என்றான் அவள் புருசன் தவராசா. வாசலில் நின்றவன் உள்ளே பார்க்காமல்தான் சொன்னான்.

“இரவல் சாமான். அறுக்கேலாது.”

பெற்ற பிள்ளை குளிர்ந்து கிடக்கும்போதும் அயலாள் பொருளுக்குப் பழுது வரக்கூடாது என்று நினைக்கிற மனசு அவளுக்கு.

சங்கிலிக்காரி தங்கரத்தினம் பிள்ளையின் கால்மாட்டில் இருந்தாள். அழுதழுது அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. வெள்ளைக்காரக் கடற்படை கப்பலேறிப் போய், அதோடு தவராசாவின் டொக்யாட் வேலையும் போன நாட்களில், வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் தினமும் ஒரு தட்டு வரும். “மிச்சம் வந்திட்டுது பிள்ளை, எறியிறதே?” என்பாள். மிச்சமில்லை என்று இருவருக்கும் தெரியும். அந்தப் பொய்யைக் குணேஸ்வரி கோயில் விபூதி மாதிரி நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கொக்கி கழன்றது. கழுத்தில் சங்கிலியின் தடம் அப்படியே இருந்தது.

மகன் ஞானத்துக்குக் கழுத்து வீங்கத் தொடங்கியபோது முதலில் ஓடி வந்தவளும் தங்கரத்தினம்தான். “ஆ காட்டு ராசா,” என்று கைவிளக்கைப் பிடித்து வாய்க்குள் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விளக்கை இறக்கிவிட்டு, “ஒண்டுமில்லை. கூகைக்கட்டு,” என்றாள். “பொன்னுக்கு வீங்கி எண்டு சும்மாவே சொல்லுறது? பொன்னைக் கண்டா வத்திப்போம்.” வீட்டுக்குப் போய்த் தன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்து அவளே பிள்ளைக்குப் போட்டாள். காய்ச்சலிலும் அவனுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

“அம்மா, நான் இப்ப மாப்பிளையோ?”

“ஓமடா. பொம்பிளை ஆர்?” என்றாள் தங்கரத்தினம்.

“உங்கட புனிதம்தான்!”

தன் மகளின் பெயரைக் கேட்டும் தங்கரத்தினம் சிரிக்கவில்லை. அது அப்போது குணேஸ்வரிக்குப் புலப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று தவராசா கேட்டபோதும், “கூகைக்கட்டுக்கு ஆரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவினமே? வாட்டில போட்டா இல்லாத வருத்தமும் தொத்தும்,” என்று தங்கரத்தினம்தான் மறித்தாள். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

காலையில், எல்லாம் முடிந்த பிறகு, டொக்டர் குணேஸ்வரியைக் கதிரையில் இருத்திச் சொன்னார்.

“கழுத்து வீங்கினதெல்லாம் கூகைக்கட்டு இல்லை அம்மா. இது தொண்டைக்கரப்பன். வாயைத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். தொண்டைக்குள்ள சாம்பல் நிறத்தில தோல்மாதிரிப் படிஞ்சிருக்கும். நேரத்தோட வந்தா ஊசி இருக்கு.” பிறகு கேட்டார்: “கிட்டடியில உங்கட பக்கத்தில வேற பிள்ளைக்கு இப்பிடி வந்ததோ? சுகமான பிறகும் சில பிள்ளையள் கொஞ்சக் காலம் மூக்கால கதைக்கும். தண்ணி குடிச்சா மூக்கால வரும். அப்பிடி ஆரும்?”

“இல்லை ஐயா. ஒருத்தருக்கும் இல்லை.”

“நல்லா யோசியுங்கோ. எங்கயிருந்து வந்ததெண்டு தெரிஞ்சாத்தான் மற்றப் பிள்ளையளைக் காப்பாத்தலாம். பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ.யை அனுப்புறன். இண்டைக்கே அடக்கம் பண்ணுங்கோ. சின்னப் பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ. அவன் புழங்கின சாமான் எல்லாத்தையும் அவியுங்கோ.”

வீட்டுப் படலையடியில் தவராசா, “நீ வாயைத் திறந்து பாக்கேல்லையோ?” என்றான்.

பொழுது சாயுமுன்னே ஆண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டி சின்னது, தவராசா தனியாகவே சுமந்தான். பெண்கள் வீடு கழுவினார்கள். குணேஸ்வரி முற்றத்து அடுப்பில் சட்டி வைத்து, அவனுடைய கோப்பையையும் கரண்டியையும் சங்கிலியையும் போட்டு அவித்தாள். வாசலுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கையின் பிள்ளைகள் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எங்கிருந்து வந்தது? இனி எந்த வீட்டுக்குப் போகும்?

“அங்கால போங்கோ ராசாமார். கிட்ட வரக்கூடாது,” என்றாள்.

பெண்கள் போன பிறகு தங்கரத்தினம் கஞ்சிக் குண்டானோடு வந்தாள். செத்த வீட்டில் அடுப்பெரித்துச் சமைப்பதில்லை. அயல்தான் கொடுக்க வேண்டும். “ஒரு வாய் குடி பிள்ளை. உயிர் கிடக்க வேணும்.”

அவளுக்குப் பின்னால், வேலிப் பொட்டுக்குள்ளால், மகள் புனிதமலர் நுழைந்து வந்து நின்றாள். மட்டக்களப்பில் மாமன் வீட்டுக் கலியாணத்துக்குப் போய் வந்ததிலிருந்து அவளை அதிகம் வெளியில் காணோம். பிரயாணக் களை என்று தாய் சொல்லியிருந்தாள். ஆனால் ஞானம் மட்டும் விடமாட்டான். ஒரு மாம்பழத்தை இந்தப் பொட்டடியில் இருந்து இரண்டு பேரும் மாறி மாறிக் கடித்ததைக் குணேஸ்வரியே கண்டு சிரித்திருக்கிறாள்.

“உன்னை ஆரடி வரச் சொன்னது? போ வீட்ட!” தங்கரத்தினம் பாய்ந்தாள்.

“விடுங்கோ அக்கா. அவளும் தேடுவாள்தானே.” பிள்ளையின் முகம் வாடிக் கிடந்தது. குணேஸ்வரி எழுந்து, வந்தவர்களுக்காக அயலார் கொண்டுவந்து வைத்திருந்த தேத்தண்ணியில் ஒரு கிளாஸ் வார்த்துக் கொடுத்தாள். “குடி மோனை.”

“வேண்டாம் பிள்ளை, அவள் இப்பதான்...”

புனிதம் அதற்குள் ஒரு மிடறு குடித்துவிட்டாள். தேத்தண்ணி மூக்கின் இரண்டு துவாரத்தாலும் வழிந்தது. தங்கரத்தினத்தின் கை சேலைத் தலைப்போடு சட்டென்று போய்த் துடைத்தது. பழகிப்போன கை.

“ஞானம் எங்க மாமி?” என்று பிள்ளை கேட்டாள். குரல் மூக்கால் வந்தது.

அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, இது எப்ப தொடங்கினது?”

“சளித் தடிமன் பிள்ளை. பிரயாணத்தில...”

“மட்டக்களப்பில கலியாணமோ, ஆஸ்பத்திரியோ?”

தங்கரத்தினம் நிலத்தில் குந்தினாள். இத்தனை நேரம் அழுதவளுக்கு இப்போது அழுகை வரவில்லை.

“அண்ணன்ர விலாசத்தைக் குடுத்து ஊசி போட்டு எடுத்தனான். இஞ்ச தெரிஞ்சா பி.எச்.ஐ. வந்து அடுப்பில தண்ணி ஊத்திப்போடுவார். பிறகு என்ர கையால ஆர் இடியப்பம் வாங்குவினம்? தகப்பனில்லாத பிள்ளையை வைச்சுக்கொண்டு நான் எங்க போறது? உன்ர பிள்ளைக்குக் கூகைக்கட்டாத்தான் இருக்கும் எண்டு நினைச்சனான். மாரியம்மனுக்கு நேந்தும் வைச்சனான்...”

“விளக்குப் பிடிச்சுப் பாத்தீங்களே. வாய்க்குள்ள என்ன இருந்தது?”

தங்கரத்தினம் மகளைப் பார்த்தாள்.

“உன்னாணை பிள்ளை... இவளுக்கு இருந்ததுதான்.”

மிச்சம் வந்திட்டுது என்று நீண்ட தட்டுகளெல்லாம் குணேஸ்வரியின் கண்முன் ஒவ்வொன்றாய் வந்து நின்றன. அவற்றில் எதை நம்புவது, எதை விடுவது என்று தெரியவில்லை.

“எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம் அக்கா. வேலி கடந்து ஒருத்தருக்கும் கதைச்சிருக்க மாட்டன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பன். அவ்வளவுதான்.”

படலையில் சைக்கிள் மணி கேட்டது. காக்கித் தொப்பியோடு பி.எச்.ஐ. உள்ளே வந்து, செத்த வீடென்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“மன்னிக்க வேணும் அம்மா. கேக்கிற நேரமில்லை, ஆனா கேக்கத்தான் வேணும். இந்த ஒழுங்கையில வேற பிள்ளைக்கு இந்த வருத்தம் வந்ததோ?”

தங்கரத்தினம் தலை நிமிர்த்திக் குணேஸ்வரியைப் பார்த்தாள். வேலிக்கு வெளியே பிள்ளைகள் இன்னும் நின்றார்கள். குணேஸ்வரி அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த பலகையை எடுத்து பி.எச்.ஐ.க்குப் போட்டாள்.

“இருங்கோ ஐயா. அக்கா சொல்லுவா.”

தங்கரத்தினம் சொல்லத் தொடங்கினாள். கட்டின தொண்டையில் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

கிளாஸைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்ற புனிதத்தைக் குணேஸ்வரி திண்ணை நிழலுக்குள் கூட்டிப்போய் இருத்தினாள். சட்டியிலிருந்து ஞானத்தின் கரண்டியைத் துணியால் பிடித்து எடுத்து, ஆறவிட்டு, குண்டானின் அடியில் கட்டியாகக் கிடந்த கஞ்சியை அள்ளி எடுத்தாள்.

“தலையைக் குனிஞ்சு விழுங்கு மோனை. அவசரப்படாத.”

பிள்ளை விழுங்கினாள். மூக்கால் வரவில்லை. இன்னொரு கரண்டி கொடுத்தாள்.

அடுப்பு அணைந்து சட்டித் தண்ணீர் தெளிந்தது. அடியில் சங்கிலி கிடந்தது. இரண்டு பெண்களில் ஒருவரும் அதை எடுக்கக் கை நீட்டவில்லை.